ஆளில்லாத காடுன்னு சொன்னியே பாப்பா

பாப்பாவுக்கு,

தான்சானியாவுல செலூஸ் காட்டுல எடுத்து நீ அனுப்பின வீடியோவ அம்மா நாலு தடவ பாத்துட்டா. எனக்கு ஒட்டகச்சிவிங்கிய விட நீ பேசினதுதான் மண்டைக்குள்ள ஓடுது. "ஆதியில இருந்து மனுஷன் கால் படாத காடுப்பா"ன்னியே, அது அப்படி இல்லமா.

அங்க ஊர் இருந்துச்சு, கொல்லை இருந்துச்சு. அப்ப அங்க ஆண்ட ஜெர்மன்காரன் பருத்தி போடுன்னு அடிச்சு வேலை வாங்க, 1905ல ருஃபிஜி ஆத்துப் பக்கம் கிஞ்சிகிடிலேன்னு ஒருத்தர் மந்திரிச்ச தண்ணி கொடுத்து இனிமே துப்பாக்கி குண்டு தண்ணியாப் போயிடும்னாரு, மாஜின்னா சுவாஹிலில தண்ணி, சண்டைக்கே மாஜி மாஜின்னு பேரு ஆயிடுச்சு. குண்டு தண்ணியாகல. ஆனா குண்டுல செத்தவங்கள விட பசியில செத்தவங்கதான் ஜாஸ்தி, வயலயும் தானியத்தையும் தேடித்தேடி கொளுத்திட்டானுங்க, 3 லட்சம் பேர் வரைக்கும்னு கணக்கு சொல்றாங்க. ஆள் போன நிலத்துல புதர் ஏறுச்சு, புதரோட செட்சே ஈ வந்துச்சு, அது கடிச்சா வர்ற நோயில மாடு நிக்காது. பின்னாடி வந்த பிரிட்டிஷ்காரன் மிச்சம் இருந்த ஊரையும் 1940கள்ல அதே ஈ மனுஷனுக்குப் பரப்புற தூக்க நோயைக் காரணம் காட்டி கிளப்பிட்டான். காட்டுக்கு வச்சது யார் பேரு தெரியுமா, செலூஸ்ங்கிற ஒரு யானை வேட்டைக்காரன் பேரு! (2019ல பெரும்பகுதிய நியெரெரே பார்க்னு மாத்தினாங்க, எனக்கு பழைய பேருதான் வருது.)

அதுக்கும் முந்தி நியாசா ஏரிப் பக்கம் அடிமையாப் பிடிச்ச ஜனங்கள கில்வா துறைமுகத்துக்கு நடத்திட்டுப் போனாங்க. தந்தமும் தலைச்சுமைதான், அதே ஈயால கழுதை தாங்காது. சுமந்தவங்க எல்லாருமே அடிமைன்னு நினைச்சுக்காத, வடக்க பகமோயோ துறைமுகத்துக்குப் போற ரூட்ல நியாம்வேசிங்கிற இனத்துக்காரங்க கூலி பேசி தூக்கினவங்க. அந்தக் கரைய ஆண்ட ஸான்சிபார் சுல்தான் தலையில மட்டும் பழிய போட்டுட்டு நாம நழுவவும் முடியாது, ஸான்சிபார் சுங்கத்த குத்தகைக்கு எடுத்தது நம்ம குஜராத் பக்கத்து கச்சுக்காரர் ஜெய்ராம் சிவ்ஜியோட கம்பெனி, அடிமை வந்து இறங்கினா அதுக்கும் வரி. தந்தம் பம்பாய் வந்து கல்யாண வளையலாச்சு.

ஸான்சிபார் அடிமைச் சந்தைய 1873ல மூடினாங்க, தந்தத்துக்கு உலகத்தடை வர 1989 ஆச்சு. அப்பவும் நிக்கல, 1976ல 1,09,000 யானை எண்ணின செலூஸ் வட்டாரத்துல 2013ல 13,000 தான். நீ என்னடான்னா நாள் பூரா சுத்தியும் ஆறு யானைதான்னு சலிச்சுக்கிற.

அந்த டிரைவர் லிவாலே பக்கத்துக்காரர்னு சொன்னல்ல, அவரு தாத்தா ஊரு முன்ன எங்க இருந்துச்சுன்னு கேட்டு சொல்லுமா. கூச்சப்படாம கேளு. அம்மா மோர் மிளகாய் பார்சல் போட்டிருக்கா.

அப்பா