ஹார்பர் போர்டைத் தேடி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்து மறுபடியும் காலையில் நடக்கப் போகிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே சிங்கப்பூரில் எல்லோரும் நலம். மகளுக்கு ஈசூனில் வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினோம். நீ ஈப்போவிலிருந்து வர முடியாமல் போனது எனக்குக் குறைதான்.

வேலையை விட்ட பிறகும் என்ன ஆராய்ச்சி என்று கேட்டிருந்தாய். அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உன்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்றும் அதில் இருக்கிறது.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் என்பது உனக்குத் தெரியும். அந்தக் காலத் தொழிலாளர்களைப் பற்றிப் பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் வந்ததையெல்லாம் ஒரே இடத்தில் தேடிப் படிக்க வேண்டும் என்று ஆசை. பக்கங்களைச் சேகரித்து, நானே ஒரு சின்னத் தேடல் நிரல் எழுதினேன். ‘துறைமுகம்’ என்று கொடுத்தேன். விரல்விட்டு எண்ணும்படி சில பக்கங்கள்தான் வந்தன.

காரணம் உனக்கு உடனே புரிந்திருக்கும். பத்திரிகைக்காரர் துறைமுகத்தில் என்பார், துறைமுகத்துக்கு என்பார், துறைமுகத்துத் தொழிலாளர் என்பார். அத்துச் சாரியை என்று நீ கரும்பலகையில் எழுதிப் போடுவாயே, அது ஏறியவுடன் கணினிக்கு அது வேறு சொல். சரி, விகுதிகளை வெட்டி வேர்ச்சொல்லை எடுக்கலாம் என்று பார்த்தேன். ‘கடலை’ என்பதில் ஐ உருபை வெட்டினால் கடல் கிடைக்கிறது. ஆனால் வறுத்த கடலை விற்றவரும் கடலுக்குள் போய்விடுகிறார்! எங்கே வெட்டலாம், எங்கே கூடாது என்பதை அந்த வாக்கியம்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, நம் தமிழ் முரசு நாளிதழ் தொடங்கிய அதே 1935-ல் பிறந்தவர், 1972-ல் ஓர் எளிய யோசனையைச் சொன்னார். எல்லா ஆவணத்திலும் வரும் சொல்லால் பயன் குறைவு. சிலவற்றில் மட்டும் வரும் சொல்லுக்கே எடை அதிகம். தேடுபொறிகள் இன்றும் அதன்மேல் நிற்கின்றன. அதை அப்படியே தமிழுக்குப் போட்டால் கணக்குத் தப்புகிறது. ‘துறைமுகத்திலிருந்தும்’ என்ற வடிவம் ஒரே ஒரு பக்கத்தில் வந்தால், அது ஏதோ அபூர்வமான சொல் என்று நிரல் நினைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தலைமேல் தூக்கி வைக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. தமிழுக்கு முதலில் இலக்கணம், அப்புறம்தான் எண்ணிக்கை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இலக்கணத்தாலும் தீராத சிக்கல் அப்பாவின் பேச்சு. துறைமுகத்தை நடத்திவந்த ஹார்பர் போர்டு 1964-ல் போய்த் துறைமுக ஆணையம் வந்தது. அதற்குப் பிறகும் அவர் வாயில் ‘ஹார்பர் போர்டு’தான். இரண்டும் ஒரே இடம் என்று எழுத்தை மட்டும் பார்க்கும் நிரலுக்கு எப்படித் தெரியும்? சொற்களைப் பொருளால் பக்கம் பக்கமாக நிறுத்தும் புதிய மொழி மாதிரிகள் இங்கே கைகொடுக்கின்றன. இங்கேயே ஏஐ சிங்கப்பூர் உருவாக்கிய சீ-லயன் என்ற மொழி மாதிரியில் தமிழும் உண்டு என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் இந்த முறையில் நான் தேடிப் பார்த்தபோது விமான நிலையச் செய்திகளும் கூடவே வந்து நின்றன. பொருள் நெருக்கம் வேறு, நான் கேட்டது வேறு.

எது மேல் என்று எப்படி முடிவு செய்வது? 1960-களில் இங்கிலாந்தில், கிரான்ஃபீல்டில், சிரில் கிளெவர்டன் ஒரு வழி போட்டுக் கொடுத்தார். 1,400 ஆய்வுச் சுருக்கங்கள், 225 கேள்விகள். எந்தக் கேள்விக்கு எது பொருத்தம் என்பதை மனிதர்கள் படித்து முடிவு செய்தார்கள். அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் இயந்திரத்தை அளந்தார்கள்.

என் பக்கங்களுக்கு அப்படிப்பட்ட தீர்ப்பு இல்லை. அதற்கு நீ வேண்டும். மாணவர்கள், பேரப்பிள்ளைகள், பழைய தொழிலாளிகள் எப்படிக் கேட்பார்களோ அப்படி ஐம்பது கேள்விகள் எழுதிக் கொடு. ஒவ்வொன்றுக்கும் நான் அனுப்பும் பக்கங்களைப் படித்து, பொருந்தும், பொருந்தாது என்று குறித்தால் போதும். சந்தேகம் வந்தால் சந்தேகம் என்றே எழுது, அதுவும் எனக்கு வேண்டும்.

1997-ல் இங்கே நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்கு நாம் சேர்ந்து போனது நினைவிருக்கிறதா? எல்லாக் கணினியிலும் தமிழ் எழுத்து ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான் அன்றைய கவலை. அதை முன்னின்று நடத்திய நா. கோவிந்தசாமி இரண்டே ஆண்டில் போய்விட்டார். எழுத்து இன்று தெரிகிறது. அதற்குள் இருப்பது கைக்கு வர வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

முதல் பத்துப் பக்கங்களை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பெரிய எழுத்தில்தான் அச்சிட்டேன், உன் கண்ணுக்குச் சிரமம் இருக்காது. தீபாவளிக்குக் குடும்பத்தோடு வா. தேக்காவில் சாப்பிட்டுக்கொண்டே மீதியைப் பேசலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்