அது பெண் குரல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் நாளிதழின் கடைசிப் பக்கத்தில், இங்கிலாந்தில் ஒரு பேராலயப் பாடகர் குழுவில் தனிப்பாடல் பாடும் சிறுவனைப் பற்றிப் படத்தோடு செய்தி போட்டிருந்தீர்கள். இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் தமிழ்ப் பத்திரிகையில் இடம் கிடைக்கிறதே என்று சந்தோஷமாகத்தான் படிக்க உட்கார்ந்தேன். ‘பெண் குரலில் பாடி அசத்தும் சிறுவன்’ என்று தலைப்பு. காபி ஆறிப்போய்விட்டது.

நான் பாளையங்கோட்டைக்காரன். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், வயது 71. மகள் இங்கிலாந்தில் வின்செஸ்டர் என்ற ஊரில் நர்ஸ். பேத்தியைப் பார்த்துக்கொள்ள நானும் என் வீட்டம்மாவும் இங்கே வந்து நாலு மாதம் ஆகிறது. இந்த ஊர்ப் பேராலயத்தைப் பகலில் சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு. சாயங்காலம் ஐந்தரைக்கு ஈவன்சாங் என்கிற பாட்டு ஆராதனைக்குப் போனால் கட்டணம் கிடையாது. நெல்லைக்காரனுக்கு இது போதாதா? மழை பெய்யாத நாளெல்லாம் போய்விடுகிறேன். அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கடிதம்.

குழு இரண்டாகப் பிரிந்து எதிரும் புதிருமாக நிற்கும். பின்வரிசையில் பெரியவர்கள்: மேலிருந்து கீழாக ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று மூன்று வகைக் குரல். முன்வரிசையில் எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரையுள்ள பையன்கள். இவர்கள் பாடும் மேல் சுரக் குரலுக்குத்தான் ட்ரெபிள் என்று பெயர். பையன் தன் சொந்தக் குரலில் பாடுகிறான், அவ்வளவுதான். யாரையாவது குரல் மாற்றிப் பாடுகிறார் என்று சொல்லித்தான் தீர வேண்டுமென்றால் பின்வரிசையில் ஆல்ட்டோ பாடும் ஆண்களைச் சொல்லுங்கள். அவர்கள்தான் பேசும் குரலை விட்டுவிட்டு, நாம் கள்ளத்தொண்டை என்கிறோமே, அதில் மேலே பாடுகிறவர்கள். (அதுவும் லேசான வித்தை இல்லை.)

பதினோரு வயதில் பையனுக்கும் பெண்பிள்ளைக்கும் குரல்வளை ஏறக்குறைய ஒரே அளவுதான். அப்புறம்தான் பையனுக்குக் குரல்வளை பெருத்து, நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. மகரக்கட்டு என்று நமக்கு அழகான சொல்லே இருக்கிறது. உங்கள் செய்தியில் ‘குரல் கெட்டுப்போகும் வரை பாடுவான்’ என்று எழுதியிருந்தீர்கள். கெட்டுப்போக அது என்ன, பாலா?

வித்தியாசத்தைக் காதாலேயே கேட்க வழி இருக்கிறது. ஆண்ட்ரூ லாயிட் வெபர் என்ற ஆங்கில இசையமைப்பாளர் தன் தகப்பனார் நினைவாக எழுதிய ரெக்வியம் (இறந்தவர்களுக்கான ஆராதனை இசை), 1985 பிப்ரவரியில் நியூயார்க் செயின்ட் தாமஸ் ஆலயத்தில் முதன்முதலாகப் பாடப்பட்டது. பாடப் போனது இதே வின்செஸ்டர் குழு. அதில் ‘பியே யேசு’ என்ற பகுதியை சாரா பிரைட்மன் என்ற பாடகியும் இந்தக் குழுவில் இருந்த பால் மைல்ஸ்-கிங்ஸ்டன் என்ற பையனும் மாறி மாறியும் சேர்ந்தும் பாடினார்கள். ஆராதனைப் பாட்டாக இருந்தும் அந்த இசைத்தட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடத்துக்கு வந்தது. யூடியூபில் கிடைக்கும், தயவுசெய்து ஒரு தடவை கேளுங்கள். அந்த அம்மாளின் குரலில் ஓர் அசைவு, ஒரு நிறைவு. பையனின் குரல் இழுத்துக் கட்டிய கம்பி மாதிரி நேராக நிற்கும். அதற்குப் பிறகும் ‘பெண் குரல்’ என்று எழுத உங்களுக்கு மனசு வராது.

ஆனால் இதே பயிற்சி பெற்ற சிறுமிகள் பாடினால் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே சில நாள் பெண்பிள்ளைகளும் பாடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யார் என்று சொல்ல முடியவில்லை. ஆகவே அது பெண் குரலும் இல்லை, ஆண் குரலும் இல்லை, பிள்ளைக் குரல். இங்கிலாந்துப் பேராலயங்கள் இதை ஒப்புக்கொள்ளவே எத்தனையோ நூற்றாண்டு ஆயிற்று. சாலிஸ்பரியில் 1991-ல்தான் சிறுமிகளுக்கென்று தனிக் குழு வைத்தார்கள். அதற்கு முன்னால் ‘சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்’ என்று பவுல் எழுதினதைப் பிடித்துக்கொண்டு, மேல் சுரத்தைப் பெரும்பாலும் பையன்கள் தலையில் கட்டியிருந்தார்கள்.

உங்கள் நிருபருக்கு, பையன்களை வைத்தே நாடகம் போட்ட நம்முடைய பழைய பாய்ஸ் கம்பெனி ஞாபகம் வந்திருக்கலாம். அங்கே ஸ்திரீபார்ட் பையன் சேலை கட்டி, பூ வைத்துப் பெண்ணாகவே நடித்தான். மகரக்கட்டு வந்தால் அவன் பிழைப்பே ஆட்டம் கண்டது. இங்கே வேஷம் கிடையாது. பைபிளில் இயேசுவின் தாய் மரியாள் பாடும் பாட்டையே பாடினாலும் இங்கே அவன் பையனாக நின்றுதான் பாடுகிறான். டப்ளினில் பிறந்த ஸ்டான்ஃபோர்ட் என்பவர் நூற்றிருபது வருஷத்துக்கு முன் அந்தப் பாட்டுக்கு ஜி மேஜரில் இசை அமைத்திருக்கிறார். ‘என் ஆத்துமா கர்த்தரை மகிமைப்படுத்துகிறது’ என்று ஒரே ஒரு பையன் மேலே மிதக்க, கீழே ஆர்கன் ராட்டை சுற்றுவது போல ஓடிக்கொண்டே இருக்கும். மரியாள் நூல் நூற்றுக்கொண்டே பாடுவதாகப் பாவனை என்பார்கள். அதே அமைப்பில் அடுத்து வரும், பைபிளில் சிமியோன் கிழவன் பாடும் பாட்டு பேஸ் குரலுக்கு. போன மாதம் அதைக் கேட்டபோது நானும் மெல்லச் சேர்ந்து முணுமுணுத்தேன். பக்கத்து இருக்கை அம்மாள் திரும்பிப் பார்த்ததால் நிறுத்திக்கொண்டேன்.

ஒரு வார்த்தைக்கா இவ்வளவு நீளக் கடிதம் என்று நினைப்பீர்கள். காரணம் உண்டு.

1966 கிறிஸ்மஸ். எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் ஊர்க் கோயிலில் (நாங்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்) விடியற்காலை நாலு மணி ஆராதனை. பாமாலை என்ற எங்கள் ஆராதனைப் பாட்டுப் புத்தகத்தில் ஒரு பாட்டின் இரண்டாம் சரணத்தை நான் தனியாகப் பாட வேண்டும் என்று கொயர் மாஸ்டர் சொல்லியிருந்தார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், கால் ஆர்மோனியம், முன்வரிசையில் தூங்கி விழும் பிள்ளைகள். பாடினேன். நன்றாகத்தான் பாடினேன் என்று இன்றைக்கும் சொல்வேன். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் ‘ஏல, பொம்பளத் தொண்டை’ என்று ஒருத்தன் ஆரம்பித்தான். ஒரு வாரத்தில் அதுவே எனக்குப் பெயராகிவிட்டது. வாத்தியார் ஒருவர் ஆஜர் எடுக்கும்போது அப்படியே கூப்பிட்டு, வகுப்போடு சேர்ந்து சிரித்தார். ஈஸ்டருக்குள் கொயரை விட்டுவிட்டேன். வீட்டில் தொண்டைவலி என்று சொன்னேன். அம்மா நம்பி, சித்தரத்தைக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். சொன்ன பொய்க்காக ஒரு மாதம் அதைக் குடித்தேன்.

அடுத்த வருஷம் மகரக்கட்டு வந்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கிணற்றடியில் தனியாக நின்று கரகரவென்று பேசிப் பார்த்துக்கொள்வேன். மறுபடி கோயிலில் வாயைத் திறந்து பாட இருபத்துநாலு வயது ஆகிவிட்டது, அதுவும் பேஸ் வரிசையில் கடைசி ஆளாக.

இங்கே ஜூலையில், பதின்மூன்று வயதாகிப் பள்ளி மாறும் பையன்கள் கடைசி ஆராதனை பாடினார்கள். அதில் ஒருவன் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டே பாடினான். தினமும் வகுப்புக்கு முன்னால் ஒத்திகை, சாயங்காலம் ஆராதனைக்கு முன்னால் இன்னொரு ஒத்திகை என்று வளர்த்த குரல், அழத்தானே செய்வான். ‘கடவுள் கொடுத்த வரம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அந்த ஒத்திகையையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

உங்கள் பத்திரிகை எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் போகிறது. அங்கே எந்தக் கோயிலிலாவது ஒரு பையன் மேல் சுரத்தில் பாடிக்கொண்டிருப்பான், அவன் வகுப்பில் உங்கள் தலைப்பைப் படித்தவன் ஒருத்தன் இருப்பான். அடுத்த தடவை ‘ட்ரெபிள்’ என்றே போடுங்கள். விளையாட்டுப் பக்கத்தில் கூக்ளி, யார்க்கர் எல்லாம் அப்படியேதானே வருகிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பாளையங்கோட்டை (தற்சமயம் வின்செஸ்டர்)