அப்பா கேட்ட கேள்விக்கு

எடிசன், நியூ ஜெர்சி
14.12.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

போன வாரம் போனில் கேட்டீர்களே, "அங்கேயும் ஆட்சி மாறினால் அரசு வக்கீல் மாறுவாரா?" என்று. நான் சொன்னதில் பாதி உங்கள் காதில் விழவில்லை. அதனால் எழுதுகிறேன். கோர்ட் வாசல் டீக்கடையில் படித்துக் காட்டுங்கள்.

மாறுவார். அதில் இங்கே அமெரிக்காவில் யாருக்கும் கூச்சம் கிடையாது. மத்திய அரசின் வழக்குகளை நடத்த நாடு முழுக்க 93 தலைமை அரசு வக்கீல்கள். ஜனாதிபதி பெயர் சொல்வார், செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வக்கீல் வேலை பார்க்கப்போகும் மாநிலத்து செனட்டர்கள் இருவரும் ஒரு நீலச் சீட்டில் சம்மதம் தரவேண்டும் என்று ஒரு வழக்கமும் உண்டு. சட்டம் இல்லை, ஆனாலும் சீட்டு வராவிட்டால் ஃபைல் நகராது.

செனட் தாமதித்தால் அட்டர்னி ஜெனரல் (நம் ஊர் சட்ட அமைச்சர் மாதிரி) தற்காலிகமாக ஒருவரைப் போடலாம், 120 நாளுக்கு. அப்புறம் ஆள் போடும் உரிமை அந்த வட்டார நீதிபதிகளுக்கு. 2006இல் இந்தக் கெடுவை எடுத்துவிட்டார்கள், தற்காலிக ஆளே எவ்வளவு நாளும் இருக்கலாம் என்று ஆனது. அந்த டிசம்பரிலேயே ஏழு வக்கீல்களை ஒரே நாளில் போகச் சொன்னார்கள். பெரிய ரகளை. மறு வருஷம் கெடு திரும்பி வந்தது.

இந்த வருஷக் கூத்து எங்கள் மாநிலத்தில்தான். மார்ச்சில் அலினா ஹப்பாவைத் தலைமை அரசு வக்கீலாகத் தற்காலிகமாகப் போட்டார்கள். அவர் ட்ரம்ப்பின் சொந்த வக்கீலாக இருந்தவர். உங்கள் கோர்ட் பாஷையில் 'கட்சிக்காரர்' என்றால் வக்கீலிடம் கேஸ் கொடுத்தவர். ட்ரம்ப் அவருக்கு இரண்டு அர்த்தத்திலும் கட்சிக்காரர்! செனட்டர்கள் புக்கரும் கிம்மும் சம்மதிக்கவில்லை. ஜூலையில் கெடு முடிய, நீதிபதிகள் கூடி, ஹப்பாவுக்கு அடுத்த இடத்தில் இருந்த டிசிரே கிரேஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அட்டர்னி ஜெனரல் பாம் பாண்டி உடனே கிரேஸை வேலையை விட்டே நீக்கினார். ஹப்பா தற்காலிகப் பதவியை ராஜினாமா செய்து, அந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து, முதல் நாற்காலி காலி என்று 'பொறுப்பு' பார்க்கத் தொடங்கினார். நம் குமாஸ்தாக்கள் பார்த்தால் மூக்கில் விரல் வைப்பார்கள்.

இதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனது யார் தெரியுமா? எதிர்க்கட்சி இல்லை. போதைப்பொருள், துப்பாக்கி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள். "என்மீது வழக்கு நடத்த இவருக்கு என்ன அதிகாரம்?" அவ்வளவுதான் கேள்வி. ஆகஸ்டில் நீதிபதி பிரான், ஹப்பா பதவியில் இருப்பது செல்லாது என்றார். ஆனால் வழக்கைத் தள்ளுபடி செய்யவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. டிசம்பர் 1ஆம் தேதி பிலடெல்பியா அப்பீல் கோர்ட்டின் மூன்று நீதிபதிகளும் அதையே சொன்னார்கள். அவர்களில் இருவர், ட்ரம்ப்பின் கட்சியைச் சேர்ந்த முன்னாள் ஜனாதிபதி புஷ் நியமித்தவர்கள். இதே மாதிரி நியமனத்தால் வர்ஜீனியாவில், எஃப்பிஐ என்ற மத்திய புலனாய்வுத் துறையின் முன்னாள் தலைவர் கோமி மீதான வழக்கே போன மாதம் தள்ளுபடி ஆனது.

என் ஆபீஸ்காரர் ஒருவர் தோளைக் குலுக்கி, "யார் வந்தாலும் தன் ஆளைத்தான் போடுவார்" என்றார். அவர் சொல்வது சரிதான். ஆனால் வாய்தாத் தேதி தவறினால் என்ன ஆகும் என்று உங்களிடம் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த 120 நாளை அவ்வளவு லேசாக விட முடியவில்லை.

8ஆம் தேதி ஹப்பா விலகிவிட்டார். அவர் வேலையை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இதற்கும் யாராவது மனு போடுவார்கள், பாருங்கள்.

இங்கே ஒரே குளிர். கண் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுங்கள். அம்மாவிடம் நார்த்தங்காய் வந்து சேர்ந்தது என்று சொல்லுங்கள். ஜாடி உடையவில்லை, மூடி மட்டும் கொஞ்சம் கசிந்திருந்தது.

அன்பு மகள்