உங்கள் ஓவியத்தில் நிற்கும் சிறுமி

அன்புள்ள ஓவியருக்கு,

வணக்கம். போர்ப் பிரசாரத்தைப் பற்றிய உங்கள் ஓவியத்தைப் பார்த்தேன்: செய்தித்தாளை மடித்துச் செய்த டாங்கி, பீரங்கிக் குழலுக்குப் பதில் மைக், எதிரே வெள்ளைச் சட்டையில் பூவோடு ஒரு சிறுமி. டாங்கி பிரமாதம். மடிப்பில் பாதி மறைந்த தலைப்புகளை விடாமல் படித்தேன். மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. நீங்கள் நினைத்ததும் அதுதானே?

எனக்குச் சண்டை அந்தச் சிறுமியோடுதான். கசங்காத சட்டை, பெரிய கண்கள். போரை விற்பவர்களுக்கும் இதே குழந்தைதான் வேண்டும். முதல் உலகப் போர் நடந்த 1915-ல் பிரிட்டனில் வந்த ராணுவ ஆள்சேர்ப்புச் சுவரொட்டி ஒன்றில், அப்பாவின் மடியில் இருக்கும் மகள், 'பெரும்போரில் நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று கேட்கிறாள். தரையில் மகன் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடுகிறான். 1990 அக்டோபரில் 15 வயதுப் பெண் ஒருத்தி, குவைத் மருத்துவமனையில் இராக்கியச் சிப்பாய்கள் சிசுக்களை இன்குபேட்டரிலிருந்து எடுத்துத் தரையில் சாகவிட்டதைப் பார்த்ததாக அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் முன் அழுதாள். அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதும், பின்னால் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனம் இருந்ததும் 1992-ல்தான் வெளியே வந்தது. அவள் சொன்னதற்கு ஆதாரமும் கிடைக்கவில்லை. அதற்குள் குவைத்துக்காக இராக்கோடு அமெரிக்கா நடத்திய போரே முடிந்திருந்தது.

குண்டுவீச்சில் அழிந்த ஸ்பெயின் ஊரைப் பற்றி பிக்காசோ 1937-ல் வரைந்த 'குவெர்னிகா'வை மறுபடி பாருங்கள். குதிரையின் உடம்பு முழுக்க அச்செழுத்து மாதிரி சின்னச் சின்னக் கோடுகள். உங்கள் டாங்கிக்கு அது பாட்டன் முறை. குழந்தையோ தாயின் கையில் தலை தொங்கக் கிடக்கிறது, யாரிடமும் எதுவும் கேட்காமல். பூவும் உண்டு, ஆனால் உடைந்த வாளுக்குப் பக்கத்தில், தேடினால்தான் தெரியும். 2003 பிப்ரவரியில், இராக் போருக்குச் சற்று முன்பு, ஐ.நா. பாதுகாப்பு அவைக்கு வெளியே தொங்கிய, இதே ஓவியத்தைத் துணியில் நெய்த பிரதியை நீலத் துணியால் மூடினார்கள். கேமராக்களுக்கு வசதியாக என்றார்கள். சரி, இருக்கட்டும். உங்கள் சிறுமியை யாரும் மூட மாட்டார்கள். அவளைப் பின்னால் நிறுத்திக்கொண்டு பேட்டி கொடுப்பார்கள்.

பூவை எடுத்துவிடுங்கள். சட்டையில் கொஞ்சம் அழுக்கு இருக்கட்டும். அவள் நம்மைப் பார்க்கவும் வேண்டாம். முதுகைக் காட்டிக்கொண்டு, முழங்காலில் காய்ந்த புண்ணைச் சுரண்டட்டும். பாவம் என்று சொல்ல நமக்கு அவள் இடமே தரக்கூடாது.

அக்ரிலிக் என்றால் மேலேயே பூசித் திருத்திவிடலாம், இல்லையா? டாங்கியை மட்டும் தொடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்