சரிவை அறியாத குழாய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கட்டடங்களின் குளிர்சாதன, மின்சார, குழாய் அமைப்புகளை ரெவிட் போன்ற மென்பொருளில் முப்பரிமாணத்தில் வடிவமைக்கக் கற்றுத்தரும் வகுப்புகள் பல, கட்டளைகளை மனப்பாடம் செய்யவைப்பதோடு நின்றுவிடுகின்றன. கழிவுநீர் புவியீர்ப்பால் ஓடுவது. 1 சதவீதச் சரிவில் 12 மீட்டர் செல்லும் குழாய் 120 மி.மீ. கீழிறங்கும். குறுக்கே குளிர்சாதனக் காற்றுக்குழாய் வந்தால், காற்றுக்குழாயின் உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டியோ, பாதையைத் திருப்பியோதான் வழிவிட வேண்டும் என்பதை அறியாத மாணவர், கழிவுநீர்க் குழாயை மேலே வளைத்துத் திரையில் இரு குழாய்களின் மோதலை நீக்கிவிடுவார். மென்பொருளும் பெரும்பாலும் தடுக்காது. விளக்குகளை மின்சுற்றோடு இணைக்காமல் கூரையில் பொருத்தினாலும் படம் அழகாகவே இருக்கும், மின்சுமைக் கணக்குதான் வராது. (மதிப்பெண் படத்துக்குத்தானே என்பார்கள் மாணவர்கள்.) பொறியியல் அடிப்படையைக் கற்பித்த பிறகே மென்பொருளைத் திறக்கச் செய்யுமாறு பயிற்சி நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கட்டடப் பணிகள் வரைவாளர் ஒருவர்