கயிறு இல்லாமல் ஓடிய குட்டி

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். நான் நலம். உங்கள் அனைவரின் நலமறிய ஆவல். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து திரும்பியபோது உங்கள் கடிதம் வந்து காத்திருந்தது. அப்பா எழுதியவற்றுக்குக் கீழே பதில் எழுதுகிறேன். அதற்கு முன், தம்பி கொண்டுவந்திருக்கும் நாய்க்குட்டி கயிற்றைக் கடித்துக்கொண்டு நாளெல்லாம் அழுகிறது என்றும், பாவமாக இருப்பதால் வாசலில் அவிழ்த்துவிடப் போவதாகவும் அம்மா சொல்லித் தங்கை ஓரத்தில் எழுதியிருக்கிறாளே, அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து இப்போது அவிழ்த்துவிட வேண்டாம். சென்ற ஞாயிறன்றுதான் கீழ்வீட்டு அம்மையாரின் நாய்க்குட்டி டெய்சியை நாங்கள் முதன்முதலாக அவிழ்த்துவிட்டோம். அதற்கு என்னென்ன ஆயத்தம் வேண்டியிருந்தது என்பதைத் தம்பிக்குப் படித்துக் காட்டுங்கள்.

அம்மையாரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். என்னை அழைக்க வேண்டுமானால் குரல் கொடுக்க மாட்டார், கைத்தடியால் தம் வீட்டுக் கூரையைத் தட்டுவார். மனிதர்களிடம் பேச்சு மிகக் குறைவு, குட்டியிடம் மட்டும் ஓயாமல் பேசுவார். முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருப்பதால் அவரால் தொலைவு நடக்க முடிவதில்லை. அதனால் காலையும் மாலையும் டெய்சியை நடக்க அழைத்துப் போவது என் பொறுப்பாகிவிட்டது. நான் கேட்காமலேயே வாடகையில் கொஞ்சம் கழித்துக்கொள்கிறார். மாலையில் குட்டியைக் கொண்டுபோய் விடும்போது அவர் வீட்டுக் கணப்பருகே சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே வருகிறேன். என் அறையையும் சூடாக்கிக்கொள்ள வசதி இருக்கிறது. ஒருவனுக்காக அதை எதற்கு எரியவிடுவது என்று அணைத்தே வைத்திருக்கிறேன்.

தம்பி முதலில் கவனிக்க வேண்டியது தடுப்பூசி. பார்வோ என்னும் கழிச்சல் நோயின் கிருமி மண்ணில் பல மாதங்கள் அழியாமல் கிடக்கும். அது தொற்றினால் குட்டி பிழைப்பது கடினம். எனவே 16 வாரம் நிறைந்து, கடைசித் தவணை ஊசியும் போட்டு, கால்நடை மருத்துவர் சரி என்று சொல்லும் வரையில் மற்ற நாய்கள் புழங்கும் தரையில் விடக் கூடாது. வெறிநாய்க்கடிக்கான ஊசியையும் மூன்றாம் மாதத்தில் போட்டுவிட வேண்டும். டெய்சிக்குத் தோள்களின் நடுவே, தோலுக்கடியில், அரிசிமணி அளவில் ஒரு மைக்ரோசிப் வைத்திருக்கிறார்கள். காணாமற்போன நாயை யாரேனும் மருத்துவரிடம் கொண்டுபோனால், அதிலுள்ள 15 இலக்க எண்ணைக் கருவியால் படித்து உரியவரைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் நாய் எங்கே இருக்கிறது என்பதை அது காட்டாது. அதனால் தொலைபேசி எண் பொறித்த தகடு ஒன்றும் அதன் கழுத்துப்பட்டையில் தொங்குகிறது. நம் குட்டிக்கு அந்தத் தகடாவது உடனே வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை, கூப்பிட்டால் வரப் பழக்குவது. அம்மையார் இதில் மிகக் கண்டிப்பானவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்த குட்டியைத் திட்டவே கூடாது என்பார். செருப்பைக் கடித்திருந்தாலும் சரி, தரையை நனைத்திருந்தாலும் சரி, நாமே எழுந்துபோய்த்தான் அதைத் தூக்க வேண்டும். பெயர் காதில் விழுந்து ஓடிவந்தால் அதற்கு நல்லது மட்டுமே நடக்க வேண்டும். முதலில் வீட்டுக்குள், பிறகு முற்றத்தில், பிறகு திறந்தவெளியில் 10 மீட்டர் நீளக் கயிற்றில் என்று படிப்படியாகப் போனோம். அந்த நீளக் கயிற்றைக் கழுத்துப்பட்டையில் கட்டக் கூடாது, ஓடும் வேகத்தில் வெடுக்கென்று இழுத்தால் கழுத்து நோகும். மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையில்தான் கட்ட வேண்டும்.

அவிழ்த்துவிட்ட இடம் நாற்புறமும் வேலியும் தாழிட்ட கதவும் உள்ள ஒரு வெளி. குட்டி நுழையும் அளவுக்கு எங்காவது இடைவெளி இருக்கிறதா என்று வேலியோரமாக ஒரு சுற்று நடந்து பார்த்தேன். குளிரில் விரல் மரத்துக் கொக்கி எளிதில் திறக்கவில்லை. திறந்த பிறகும் டெய்சிக்கு அது தெரியவில்லை. கயிறு இருக்கும்போது எப்படியோ அப்படியே என் காலை ஒட்டி நடந்தது. சிறிது தூரம் போனதும் ஒரு பறவை எழுந்து பறந்தது. குட்டி ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி நின்று பார்த்தது, அடுத்த நொடி காதுகள் பின்னால் மடியப் பாய்ந்து ஓடிவிட்டது. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. ஓடிப்போய்ப் பிடிக்கக் காலெடுத்தபோது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மையார் தடியை நீட்டித் தடுத்தார். நாம் துரத்தினால் குட்டி அதை விளையாட்டென்று எடுத்துக்கொண்டு இன்னும் தொலைவுக்கு ஓடும் என்றார். மோப்பத்தில் ஆழ்ந்திருக்கும்போது கூப்பிட்டால் காதில் ஏறாது, காதில் ஏறாமல் பலமுறை கூப்பிட்ட பெயருக்கு மதிப்புப் போய்விடும். ஆகவே அது தலையை நிமிர்த்தும் வரை காத்திருந்து, ஒரே ஒருமுறை பெயரைச் சொல்லிவிட்டு, முதுகைக் காட்டி எதிர்த்திசையில் ஓடினேன். புல்லில் சிறு பாதங்கள் படபடவென்று விழும் ஓசை பின்னாலிருந்து நெருங்கி வந்தது. குந்தி உட்கார்ந்தேன். மூச்சிரைக்க வந்து என் இரு முழங்கால்களுக்கு நடுவே தலையைச் செருகிக்கொண்டது. தின்பதற்குக் கொடுத்து, கழுத்துப்பட்டையை ஒருமுறை பிடித்துவிட்டு, உடனே மீண்டும் ஓடவிட்டேன். இதைத் தம்பி மறக்கக் கூடாது. வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் கூப்பிட்டால், வந்தால் ஆட்டம் முடிந்துவிடும் என்று குட்டி புரிந்துகொள்ளும், பிறகு வரவே வராது.

இப்போது வருகிறதே என்று இருந்துவிடவும் முடியாது. பிரிட்டனில் 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றி அம்மையார் சொன்னார். 5 மாதத்தில் சொன்னபடி கேட்ட நாய்கள் 8 மாதத்தில் தங்களை வளர்ப்பவரின் சொல்லைக் கேட்கத் தயங்கினவாம், அந்நியர் சொன்னால் அந்தத் தயக்கம் இல்லையாம். அந்தப் பருவம் கடக்கும்வரை நீளக் கயிற்றை மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கும்.

அம்மா, அன்று திரும்பி வரும் வழியெல்லாம் நம் பழைய நாய் மணியின் நினைவுதான். இருட்டும் நேரத்தில் வாசற்படியில் நின்று, கையில் அதன் தட்டோடு நீங்கள் கூப்பிடுவீர்கள். ஒருநாளும் வெறுங்கையோடு கூப்பிட்டதில்லை, தாமதமாக வந்ததற்காக அதட்டியதும் இல்லை. அம்மையாரின் விதிகள் எல்லாம் யாரும் சொல்லித்தராமலே உங்களிடம் இருந்தன. மணியோடு நாங்களும் ஓடி வருவோமே, அந்தக் குரலைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. தொலைபேசியில் கேட்கும் குரலைச் சொல்லவில்லை. தெருமுனை வரை எட்டும்படி கூப்பிடுவீர்களே, அந்தக் குரல்.

அப்பா, கண்புரை அறுவைக்கு நான் வரும் வரை காத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காத்திருக்க வேண்டாம். இங்கே வேலை மிகுதியால் என் பயணம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது. இந்த மாதப் பணம் இரண்டு தவணையாக வரும், அதை நினைத்துக் கவலைப்படாதீர்கள். முதல் தவணையை மருத்துவமனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தங்கையின் வரனுக்குப் பதில் சொல்லும் முன் அவளைத் தனியே உட்காரவைத்துக் கேளுங்கள். ஓரத்தில் அவ்வளவு எழுதியவள் அதைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை.

பெரியப்பாவோடு இன்னும் பேச்சில்லை என்பதைப் படித்து வருந்தினேன். நம் வாசலில் வண்டிப் போக்குவரத்து அதிகம். சுற்றுச்சுவரும் கதவும் உள்ள இடம் நமக்குத் தெரிந்து பெரியப்பாவின் தோட்டம் ஒன்றுதான். ஊசிகள் முடிந்ததும் தம்பி குட்டியோடு அங்கே போய் அனுமதி கேட்கட்டும். முதல்நாள் நீங்களும் கூடப் போங்கள், அப்பா. பெரியப்பா எதிரே வந்தால் குட்டியைப் பற்றி மட்டுமாவது பேசுங்கள். அறுவைக்கு நாள் குறித்ததும் தம்பியை உடனே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்