செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் போகும். நீல டிக் விழுந்தால் படித்ததாக எடுத்துக்கொள்கிறேன்.

கடலூரில் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்களான நம் சங்கத்தின் வழக்கமான வேலைகளில் இந்த ஆண்டு குறை எதுவும் இல்லை. நவம்பரில் மஞ்சக்குப்பத்தில் வாழ்வுச் சான்று முகாம் நடந்தது. பிச்சாவரம் குடும்பச் சுற்றுலா நடந்தது. மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம். ஓய்வூதியத்தைத் திருத்தி அமைக்கக் கேட்டும், மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் ஏறியதைக் கண்டித்தும் தீர்மானம் அனுப்பினோம். பதில் வரவில்லை.

அடுத்தது, சனிக்கிழமை மேசை. செயற்குழுவில் இதைப் பற்றிப் பலமுறை பேச்சு வந்ததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வங்கிகள் திறந்திருக்கும் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் நம் சங்க அறையில் ஒரு மேசை போட்டு உட்கார்கிறோம். கடன் கட்ட முடியாமல் திண்டாடுபவர்கள் கையில் நோட்டீஸோடு வருகிறார்கள். அதைப் படித்து விளக்குகிறோம், மனு எழுதித் தருகிறோம், தேவைப்பட்டால் கிளைக்கும் கூடப் போகிறோம். நாம் கடன் கொடுப்பதில்லை, யாருக்கும் ஜாமீன் நிற்பதில்லை, காசு வாங்குவதில்லை.

வருபவர்களில் பாதிப் பேருக்கு நோட்டீஸே புரிவதில்லை. அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி வரும் 60 நாள் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு, நாளைக்கே வீடு ஏலம் என்று நடுங்குகிறார்கள். பதில் எழுத வழி இருக்கிறது, விவசாய நிலத்தின் மேல் அந்தச் சட்டம் பாயாது என்று சொன்ன பிறகுதான் தண்ணீரே குடிக்கிறார்கள். வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதைப் பெரிய எழுத்தில் அறை வாசலில் ஒட்டியிருக்கிறோம்.

ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு மேசைக்குக் கூட்டம் கூடியது. டிசம்பர் தொடக்கத்தில் பெண்ணையாறு கரை புரண்டதில் நெல் மூழ்கியவர்கள் வந்தார்கள். மகசூல் இழப்பு 33 சதவீதத்துக்கு மேல் என்று அரசு அறிவித்தால் பயிர்க்கடனைத் திருப்பிக் கட்டும் காலத்தை நீட்டித் தரலாம். இழப்பு பாதிக்கு மேல் என்றால் ஐந்தாண்டு வரைகூடப் போகலாம். இது மேனேஜர் தன் சட்டைப் பையிலிருந்து போடும் தர்மம் இல்லை, விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் கடன் வாங்கியவருக்கு இது தெரியாது. கிளைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த மேனேஜருக்கோ வட்டார அலுவலகத்தின் வராக்கடன் போனுக்குப் பதில் சொல்லவே நேரம் போதவில்லை. ஒரு மேனேஜர், நம் ஆட்கள் எழுதிய மனுவைப் படித்துவிட்டு, "சார், இதை முன்னாடியே கொண்டுவந்திருக்கலாமே" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. நாமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்தான்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கணவர் இறந்து சில மாதம் ஆகியிருந்தது. வலைக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது, தாலிச் செயினை விற்று அடைக்கலாமா என்று கேட்டார். பாஸ்புக்கைப் புரட்டியதில் மே மாதத்தில் 436 ரூபாய் பிடித்த பதிவு ஒன்று கண்ணில் பட்டது. ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கான பிரீமியம் அது, காப்பீட்டுத் தொகை 2 லட்சம். வீட்டில் யாருக்கும் தெரியாது, கிளையிலும் யாரும் பார்த்துச் சொல்லவில்லை. படிவம் பூர்த்தி செய்து கொடுத்தோம், பணம் வந்தது, கடன் முடிந்தது, மிச்சமும் இருந்தது. பாஸ்புக்கில் ஒரு வரியைப் பார்ப்பதற்குப் பெரிய கருணை மனசெல்லாம் வேண்டாம், ஐந்து நிமிடம் போதும்.

"வாழ்நாள் பூரா வசூல் பண்ணிட்டு, இப்போ கட்டாதவனுக்கு வக்காலத்தா?" என்று ஒரு மூத்த உறுப்பினர் செயற்குழுவில் கேட்டார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு பண்ருட்டிப் பக்கத்துக் கிளைகளில் வேலை பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்த தோப்புக்குப் போய், இந்த வருடத் தவணை எங்கே என்று யார் கேட்பது? ஒட்டுக்கன்று வைத்தாலும் முந்திரி பலன் தர மூன்று நான்கு வருடம் ஆகும், பலாவுக்கு அதைவிட அதிகம். அப்போது தோப்பில் இறங்கி நடந்து பார்த்து, மரம் காய்க்கும் காலத்துக்குத் தவணையைத் தள்ளி எழுதிய ஃபீல்டு ஆபீசர்கள் உண்டு. அந்தக் கணக்குகளில் பணம் திரும்பி வந்தது. பயந்து ஊரை விட்டுப் போனவரிடம்தான் வரவில்லை.

இன்னொன்று. வாடகைக்கு நான்கு வீடு விட்டிருக்கும் ஒருவர், சமரசத் தீர்வில் எவ்வளவு தள்ளுபடி வாங்கலாம் என்று கேட்டு வந்தார். முழுசாகக் கட்டுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். இது மினிட் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது.

வருத்தம் என்னவென்றால், சென்ற பொதுக்குழுவில் மேசைக்கு வருகிறேன் என்று கை தூக்கியவர்கள் பலர். வந்தவர்கள் நால்வர், அதில் ஒருவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. மற்றவர்களுக்குப் பேரன் பிறந்தநாள், மழை, வெயில், கல்யாணம். சில வாரம் நானே தனியாக உட்கார்ந்தேன், வெளியில் வரிசை நின்றது. பெயர் சொல்ல மாட்டேன்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். ஏறத்தாழ வந்தது செலவாகிவிட்டது. மேசைக்கு ஆன செலவு ஜெராக்ஸும் டீயும்தான். அது பெரிய தொகை என்று சிலர் சொல்வது சரியில்லை, சுற்றுலா பஸ் வாடகையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கையிருப்பு குறைந்ததற்குக் காரணம் சந்தா பாக்கி. 90 நாள் தாண்டினால் வராக்கடன் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர்கள் நாம். அந்த விதியை இங்கே வைத்தால் இந்த அறையில் பாதி நாற்காலி வராக்கடன்தான். மூன்று வருடப் பாக்கி வைத்திருப்பவர்களும் உண்டு.

அறை கொடுத்த கட்டட உரிமையாளருக்கும், மனுக்களைத் தட்டச்சு செய்து தந்த உறுப்பினரின் மகளுக்கும், தணிக்கையாளருக்கும், தலைவர் அவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு மேசை நடக்குமா என்று கேட்கிறார்கள். ஒரு சனிக்கிழமைக்கு இருவர் என்று ஆள் கிடைத்தால் நடக்கும். பெயர் எழுத நோட்டு மேசை மேல் இருக்கிறது. செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தாலும் எனக்குச் சம்மதமே, ஆனால் மேசையைச் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சந்தா பாக்கி உள்ளவர்களுக்குச் செயற்குழு இரண்டு தவணை தந்திருக்கிறது, அபராத வட்டி கிடையாது. சாப்பாட்டுக்குப் போகும் வழியில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். முதல் தவணையை இன்றே கட்டலாம், ஜிபேயும் உண்டு.